தமிழ்நாட்டில் மருந்தாளுநர் சம்பளம் ஏன் உயரவில்லை? விலைவாசியோடு ஒரு கணக்கு

இரண்டு பேர் ஒரே கல்லூரியில் டி.பார்ம் (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) முடிக்கிறார்கள். இருவரும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள். ஒருவருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தரப் பணி கிடைக்கிறது. தொடக்கத்திலேயே மாதம் 55,000 ரூபாய்க்கு மேல். இன்னொருவர் அதே ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்பில் சேர்கிறார். மாதம் 12,000 ரூபாய். இருவரும் எடுத்துக் கொடுப்பது அதே மருந்துதான். தப்பு நடந்தால் வரும் ஆபத்தும் ஒன்றுதான்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மருந்தாளுநர் பணிக்கு அறிவிப்பு வெளியிடும் போதெல்லாம் இந்த வித்தியாசம் பேச்சுக்கு வருகிறது. 2022-இல் 889 இடங்கள், 2025-இல் 425 இடங்கள். அந்தச் சில நூறு இடங்களுக்கு ஏன் அத்தனை போட்டி என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. "ஊரெங்கும் மெடிக்கல் ஷாப் இருக்கிறதே, இவர்களுக்கு வேலைக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்கிறார்கள். வேலைக்குப் பஞ்சம் இல்லை. அந்த வேலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மருந்தாளுநர் என்றால் யார்?

1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி மாநில கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பதிவுபெற்ற மருந்தாளுநர். அதற்குக் குறைந்தபட்சத் தகுதி டி.பார்ம்: 2 ஆண்டுப் படிப்பு, அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம் 4 ஆண்டு. 2008-இல் வந்த பார்ம்.டி. 6 ஆண்டு. எதைப் படித்திருந்தாலும் பதிவேடு ஒன்றுதான்.

மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலை என்கிறது அந்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆம் விதி, அவருடைய நேரடி மேற்பார்வை வேண்டும் என்கிறது. சில்லறை மருந்துக் கடைக்குப் படிவம் 20, 21 உரிமம் வாங்க வேண்டும் என்றால் ஒரு மருந்தாளுநரின் பெயரையும் சான்றிதழையும் காட்டியாக வேண்டும். உரிமம் அவர் பெயரோடு கட்டுண்டது.

ஆக, மருந்தாளுநர் இல்லாமல் மெடிக்கல் ஷாப் இல்லை. ஒரு தொழிலை நடத்தச் சட்டமே ஒருவரை இன்றியமையாதவர் ஆக்கினால், அவருக்கு நல்ல சம்பளம் கிடைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அப்படி நடக்கவில்லை.

ஒரே பதிவேடு, நான்கு சம்பளம்

1. அரசு நிரந்தரப் பணி. ஊதிய நிலை 11. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது. 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் இன்னொரு 20,532. ஆக 55,932. வீட்டு வாடகைப்படி முதலியவை இதற்கு மேல்.

2. அரசு ஒப்பந்தப் பணி. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் எடுக்கும் ஆட்கள் இவர்கள். விளம்பரங்களில் 15,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்ப்பவர் மூன்றரை மடங்குக்கு மேல் வாங்குவார்.

3. சங்கிலிக் கடைகள், தனியார் மருத்துவமனைகள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் புதிதாகச் சேர்பவருக்கு 15,000 முதல் 22,000 வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் தொகை. பெரும்பாலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) உண்டு. மாதாந்திர விற்பனை இலக்கும் உண்டு.

4. தனி மெடிக்கல் ஷாப். சிறிய ஊர்களில் 10,000 முதல் 15,000. இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு, பி.எஃப். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால். மூன்று பேர் வேலை செய்யும் கடை இரண்டிலும் சிக்குவதில்லை. பெரும்பாலும் நியமனக் கடிதமே இருக்காது. சம்பளம் கையில் கொடுக்கப்படும்.

பி.பார்ம் படித்தவரும் கடைக்குப் போனால் இதே தொகைதான். கூடுதலாகப் படித்த இரண்டு ஆண்டுக்குக் கல்லாப்பெட்டியில் மதிப்பு இல்லை.

இந்தச் சம்பளத்தில் வாழ முடியுமா?

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஆகும் சராசரி மாதச் செலவு கிராமங்களில் 5,701 ரூபாய், நகரங்களில் 8,165 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பம் என்றால் கிராமத்தில் 22,804, நகரத்தில் 32,660.

இது சராசரி மட்டுமே. வசதி உள்ளவர் செலவும் இல்லாதவர் செலவும் இதில் கலந்திருக்கின்றன. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகைக் கணக்கு இதில் ஏறாது. ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும் அரிசியின் மதிப்பும் இந்த எண்களில் சேரவில்லை. இருந்தாலும் ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல். 12,000 ரூபாய் சம்பளம் கிராமத்துச் சராசரிக் குடும்பச் செலவில் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது. சென்னையில் 18,000 வாங்குபவருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். அரசு நிரந்தரப் பணியாளர் மட்டும் நகரச் செலவையும் தாண்டிக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடியும்.

சென்னையில் 18,000 எப்படிக் கரைகிறது என்று பார்க்கலாம். அம்பத்தூர், ஆவடி பக்கம் ஒரு படுக்கையறை வீடு 8,000 முதல் 10,000. அட்வான்ஸ் தனி. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்குச் சம்மதித்தால் அது செல்லும் என்று அதிலேயே இடமும் இருக்கிறது. அதனால் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது நிற்கவில்லை. 12,000, 15,000 சம்பளக்காரர் அந்த அட்வான்ஸுக்கே வட்டிக்குக் கடன் வாங்குகிறார். அப்புறம் கரண்ட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அரசின் திட்டம். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்காக வசூலிக்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவருக்கு அந்த 100 யூனிட் போய்ச் சேருவதில்லை. சிலிண்டர் ஒன்று 850 ரூபாய்க்கு மேல். இரவு பத்தரைக்குக் கடை சாத்திவிட்டு வருபவருக்கு பஸ் நிச்சயமில்லை, வண்டி வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. மிச்சம் இருப்பதில்தான் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம்.

இதற்கு நடுவே சில தாங்குகோல்கள் இருக்கின்றன. ரேஷன் அரிசி, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. உரிமைத் தொகைக்கான வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம். அதாவது மாதம் சுமார் 20,800. மருந்தாளுநர் ஒருவர் சம்பாதிக்கும் பல குடும்பங்கள் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தத் திட்டங்கள் இல்லாவிட்டால் 12,000 சம்பளத்துக்கு யாரும் வேலைக்கு வர முடியாது. ஒரு வகையில் தனியார் கடைகள் கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதியை அரசுதான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அகவிலைப்படி சொல்லும் சேதி

அகவிலைப்படி என்பது விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகத் தரப்படும் தொகை. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இப்போதைய ஊதிய அமைப்பில் 2016 ஜனவரியில் அது பூஜ்யம். 2025 ஜூலையில் 58 சதவீதம். அதாவது 2016 தொடக்கத்தில் 10,000 ரூபாய்க்கு வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய 15,800 வேண்டும்.

தனிக் கடையில் 2016-இல் 10,000 வாங்கியவர் இன்று 15,000 வாங்கினால், சம்பளம் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்று முதலாளி சொல்வார். பொருள் வாங்கும் சக்தியில் பார்த்தால் அவர் சம்பளம் குறைந்திருக்கிறது. ஒன்பது ஆண்டு அனுபவத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதோடு, தொடங்கிய இடத்தைவிட ஒரு படி கீழே நிற்கிறார்.

கடைக்கு என்ன கிடைக்கிறது?

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. "முதலாளிக்கு மனசு இல்லை" என்று சொல்லி முடித்துவிட முடியாது.

மருந்துகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அரசு உச்சவரம்பு விலை நிர்ணயிக்கிறது. இவற்றில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் வைத்துத்தான் விலை கணக்கிடப்படுகிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு வியாபார வழக்கப்படி 20 சதவீதம். பட்டியல் மருந்துக்கான அந்த 16 சதவீதம் கடைக்காரர் வாங்கும் விலை மேல் கணக்கிடப்படுவது. விற்கும் விலையில் பார்த்தால் இன்னும் குறையும்.

650 மில்லிகிராம் பாரசிட்டமால், 15 மாத்திரை கொண்ட அட்டை ஒன்று 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. 5 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 28 ரூபாய் 57 காசு.
2. அதில் கடைக்காரரின் 16 சதவீதத்தைப் பிரித்தால் அவர் வாங்கிய விலை 24 ரூபாய் 63 காசு.
3. மிஞ்சுவது 3 ரூபாய் 94 காசு.

சீட்டைப் படிப்பது, மருந்தைத் தேடி எடுப்பது, காலாவதித் தேதி பார்ப்பது, "கல்லீரல் கோளாறு உண்டா, வேறு ஜுர மாத்திரை எடுக்கிறீர்களா" என்று கேட்பது, பில் போடுவது எல்லாம் இந்த 4 ரூபாய்க்குள் முடிய வேண்டும். வாடகையும் கரண்டும் இதிலிருந்துதான்.

இப்போது முழுக் கடையின் கணக்கு. நடுத்தர ஊரில் நாளைக்கு 12,000 ரூபாய் வியாபாரம் நடக்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 3,60,000. எல்லா வகை மருந்தும் கலந்து விற்பனையில் சராசரியாக 18 சதவீதம் லாபம் நிற்கிறது என்றால் 64,800. கடை வாடகை 12,000, கரண்ட், இன்டர்நெட், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாம் 5,000, உதவியாள் ஒருவர் 11,000, திருப்பி அனுப்ப முடியாத காலாவதிச் சரக்கு 3,000, கடன் வட்டி 5,000. ஆக 36,000 போய் 28,800 நிற்கிறது. மருந்தாளுநர் சம்பளமும் முதலாளியின் வீட்டுச் செலவும் இதற்குள்தான்.

இதோடு போட்டியும் இருக்கிறது. எதிர்க் கடையில் 10 சதவீதம், 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு. ஆன்லைனிலும் அப்படித்தான். இந்தக் கடையும் சராசரியாக 5 சதவீதம் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கினால் மாதம் 18,000 ரூபாய் குறைகிறது. அது ஒரு மருந்தாளுநரின் முழுச் சம்பளம். தெருவில் தொங்கும் தள்ளுபடி போர்டின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சரி, பெரிய கடைகள் 20 சதவீதம் எப்படித் தருகின்றன? மொத்தமாக வாங்குவதால் கூடுதல் கழிவு கிடைக்கிறது. சொந்த பிராண்டில் விற்கிறார்கள். விலைக் கட்டுப்பாட்டில் வராத சில ஜெனரிக் மருந்துகளில் வாங்கும் விலைக்கும் அட்டையில் அச்சிட்ட விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். லாபம் அங்கிருந்து வருகிறது. தனிக் கடைக்கு இந்த வழிகள் குறைவு.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. பட்டியல் மருந்துகளின் உச்சவரம்பு விலை ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டெண்ணைப் பின்பற்றி மாறுகிறது. 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம் ஏறியது. 2024-இல் 0.00551 சதவீதம், அதாவது ஒன்றுமே இல்லை. 2025-இல் 1.74 சதவீதம். ஆனால் வீட்டு வாடகையும் காய்கறி விலையும் பள்ளிக் கட்டணமும் மொத்த விலைக் குறியீட்டைக் கேட்டு ஏறுவதில்லை. கடையின் வருமானம் ஒரு குறியீட்டோடும் ஊழியரின் செலவு இன்னொன்றோடும் கட்டப்பட்டிருக்கிறது. 2024 போன்ற ஆண்டில் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது சம்பளம்.

சான்றிதழ் வாடகை

கடைக்காரருக்கு இந்த நெருக்கடியிலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த வழியால்தான் நேர்மையாக வேலை செய்யும் மருந்தாளுநரின் சம்பளமும் விழுகிறது.

கடைக்குச் சட்டப்படி மருந்தாளுநர் வேண்டும். வியாபாரத்துக்கோ, மருந்துப் பெயர் தெரிந்து வேகமாக எடுத்துக் கொடுக்கும் ஆள் போதும் என்று முதலாளி நினைக்கிறார். பத்து ஆண்டு அனுபவமுள்ள பத்தாம் வகுப்புக்காரர் அந்த வேலையை 11,000 ரூபாய்க்குச் செய்கிறார். அப்படியானால் மருந்தாளுநரிடமிருந்து கடைக்குத் தேவைப்படுவது சுவரில் மாட்ட ஒரு சான்றிதழும் உரிமத்தில் எழுத ஒரு பெயரும். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு அது கிடைக்கிறது. கொடுப்பவர் வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பார், அல்லது மேற்படிப்பில் இருப்பார், அல்லது திருமணமாகி வீட்டில் இருப்பார். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தகவல் போகும்.

இதன் விளைவைச் சந்தைக் கணக்கில் பார்க்க வேண்டும். 5,000 ரூபாய்க்குச் சான்றிதழ் கிடைக்கும் ஊரில், தினமும் வந்து நிற்கத் தயாராக இருக்கும் மருந்தாளுநர் 20,000 கேட்டால், "கூடுதலாக 15,000 எதற்கு?" என்பதுதான் முதலாளியின் கேள்வி. மேசைக்குப் பின்னால் நிற்பவரின் அறிவுக்கு விலை போடுவதை அந்தச் சந்தை நிறுத்திவிட்டது. பெயருக்கு மட்டுமே விலை.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. கடையின் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். பார்மசி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்கீழ் மருந்தாளுநரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் முடியும். ஆனால் நேரக் கணக்கே இதற்கு எதிராக இருக்கிறது. காலை 8 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடை 98 மணி நேரம் இயங்குகிறது. கடைத் தொழிலாளி ஒருவரின் சட்டப்படியான வேலை நேரம் வாரம் 48 மணி. விதியை எழுத்துப்படி கடைப்பிடிக்க இரண்டு மருந்தாளுநர்கூடப் போதாது. மேலே பார்த்த 28,800 ரூபாயில் ஒருவருக்கே இடம் தடுமாறும்போது இரண்டு பேருக்கு மேல் எங்கே போவது? முழுவதும் கடைப்பிடிக்க முடியாத விதியைக் கடைக்காரரும் அரைகுறையாகவே எடுத்துக்கொள்கிறார், ஆய்வு செய்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

ஆட்கள் பெருக்கம்

புதிய பார்மசி கல்லூரிகளுக்கு 2020-21 முதல் ஐந்து ஆண்டுத் தடை விதித்தது இந்திய பார்மசி கவுன்சில். நிர்வாக உத்தரவாக அப்படித் தடை விதிக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் கல்லூரிகள் மறுபடி பெருகின. ஒவ்வொரு தொகுதி மாணவரும் வெளியே வரும்போது சான்றிதழின் சந்தை விலை இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

மலிவு மருந்து, மலிவு லாபம்

மக்கள் மருந்தகங்களும் (மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள்) 2025 பிப்ரவரி 24-இல் 1,000 கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் நோயாளிகளுக்குப் பெரிய உதவி. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கும் குடும்பத்தில் மாதம் சில நூறு ரூபாயாவது மிஞ்சுகிறது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

மருந்தாளுநர் கோணத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, லாபம் இங்கும் சதவீதம்தான். ஜன் ஔஷதியில் விலையில் 20 சதவீதம். வெளியில் 90 ரூபாய்க்கு விற்கும் மருந்து இங்கே 30 ரூபாய் என்றால் 20 சதவீதமும் 6 ரூபாயாகச் சுருங்குகிறது. எடுத்துக் கொடுக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. மத்திய அரசு தனியாக ஊக்கத்தொகை தருவதற்குக் காரணமே இந்த இடைவெளிதான். நோயாளிக்கு மலிவான மருந்தைப் பரிந்துரைக்கும் கடைக்காரர் வருமானத்தை இழக்கிறார் என்பது சதவீத முறையில் உள்ள அடிப்படைக் கோளாறு.

இரண்டாவது, முதல்வர் மருந்தகம் தொடங்கும் தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம். விண்ணப்பிக்கத் தகுதி: பி.பார்ம், டி.பார்ம் சான்று பெற்றவர்கள், அல்லது அவர்களின் ஒப்புதல் பெற்றவர்கள். படித்த இளைஞர் சொந்தக் கடை வைக்க நல்ல வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "ஒப்புதல்" என்ற அந்த வாசலால், அரசுத் திட்டத்திலும் சான்றிதழை ஆளிடமிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அது இல்லாமல் திட்டத்தை வகுத்திருக்க வேண்டும்.

நோயாளிக்கு இதில் என்ன?

சம்பளப் பிரச்சினை மருந்தாளுநரோடு முடிந்துவிடுவதில்லை. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிட்டால் ரத்த அணு உற்பத்தி படுத்துவிடும், உயிரே போகலாம். சீட்டில் மருத்துவர் சரியாக எழுதியிருந்தாலும் வீட்டில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிடும் ஆபத்து உண்டு. மருந்தைக் கையில் கொடுக்கும்போது, "இது வாரம் ஒன்று. எந்தக் கிழமை சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டு, அந்தக் கிழமையை அட்டையில் எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அரை நிமிட வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர் சான்றிதழில் இருக்கிறார், மேசையில் இல்லை.

அதே போல், மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1-இல் உள்ள நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், போதை தரக்கூடிய மருந்துகள் சிலவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2014-இலிருந்து இது விதி. மருந்தாளுநர் இல்லாத கடையில் அந்தப் பதிவேடு ஆய்வுக்கு முதல் நாள் ஒரே பேனாவில் நிரப்பப்படும்.

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரம் வெடித்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தின் எஸ்.ஆர்.-13 தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அப்படி ஒரு தொகுதி எண் அறிவிக்கப்பட்டால் ஒவ்வொரு கடையிலும் அலமாரியைத் துழாவி, விற்ற பில்களைப் பார்த்து, வாங்கிப் போனவரைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் மருந்தாளுநர். 12,000 ரூபாய்க்கு வருபவரிடமும், 5,000 ரூபாய்க்கு வராமலே இருப்பவரிடமும் இதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன மாறினால் சம்பளம் மாறும்?

1. சேவைக்குத் தனிக் கட்டணம். பிரிட்டனில் அரசு சுகாதாரச் சேவை ஒவ்வொரு மருந்துக்கும் எடுத்துக் கொடுக்கும் கட்டணம் என்று கடைக்குத் தனியாகத் தருகிறது. மருந்து விலை இறங்கினாலும் அந்தத் தொகை இறங்காது. இங்கே மொத்தமும் நோயாளியிடம் சுமத்த முடியாது. ஆனால் முதல்வர் மருந்தகம், காப்பீட்டுத் திட்டம் போன்ற அரசு வழிகளில் ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று தொடங்க முடியும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வேலைக்கு விலை இல்லாத இடத்தில் வேலை செய்பவருக்கும் விலை இருக்காது.

2. வருகைப் பதிவு. மருந்தாளுநரின் வருகையைக் கைரேகை அல்லது முக அடையாளம் மூலம் உரிமத்தோடு இணைத்தால் சான்றிதழ் வாடகைக்கு இடம் குறையும். தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. ரேஷன் கடையிலேயே கைரேகை வைக்கிறோம். கடை நேரத்தை மருந்தாளுநர் இருக்கும் நேரம், இல்லாத நேரம் என்று பிரித்து, இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து விற்கக் கூடாது என்று நடைமுறைக்கு ஏற்ற விதியும் அதோடு வர வேண்டும்.

3. ஒப்பந்தப் பணியாளரின் ஊதியம். அரசே 15,000 என்று விளம்பரம் கொடுக்கும்போது தனியார் கடைக்கு அதுவே உச்சவரம்பு ஆகிவிடுகிறது. இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், அரசு நினைத்தால் போதும்.

4. குறைந்தபட்ச ஊதியம். கடை ஊழியருக்கும் மருத்துவமனை ஊழியருக்கும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஒவ்வோர் ஏப்ரலிலும் அகவிலைப்படி மாறும். ஆனால் அது தாங்கும் தரையே தவிர, படிப்புக்கும் பொறுப்புக்கும் ஏற்ற ஊதியம் அல்ல. பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு எந்த வகைக் கடையானாலும் ஒரே குறைந்தபட்ச விகிதம் தனியாக வேண்டும்.

வேலைக்குச் சேரும் முன்

இவையெல்லாம் நடக்கும்வரை, புதிதாகப் பதிவு செய்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. சம்பளத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புபவரிடம் அனுபவச் சான்றையும் பதிவையும் சரிபார்ப்பார்கள். அப்போது கையில் வாங்கிய சம்பளத்துக்கு ஆதாரம் காட்ட முடியாமல் நிற்பீர்கள்.

சம்பளம் 21,000-க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது. 20,500 ரூபாயும் இ.எஸ்.ஐ.யும் தரும் இடமா, 21,500 மட்டும் தரும் இடமா என்று வந்தால், வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் முதலாவதுதான் பெரும்பாலும் லாபம்.

சான்றிதழின் அசலைக் கடையில் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். கடையை விட்டு விலகும் நாளிலேயே மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். அந்தக் கடிதம் போகும்வரை உரிமத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும். அந்தக் கடையில் யார் எந்த மருந்தை விற்றாலும் விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸும் உங்கள் பெயருக்குத்தான்.